நாயோட தோல் சீழ் ரிப்போர்ட்டில் பாதிக்கு மேல மருந்துக்கு ‘எஸ்’ போட்டிருக்கு. டாக்டர் ஏன் மாத்திரை வேண்டாம், குளிப்பாட்டுங்கன்னு சொல்றார்?

கோவை_லேப்காரர்:

வணக்கம். நாலு வயசு லேப்ரடார், ஆண், 30 கிலோ. அடிவயிறு, தொடை இடுக்கு, அக்குள் எல்லாம் சின்னச் சின்ன சீழ்க்கொப்புளம். அது உடைஞ்சதும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமா, ஓரத்துல தோல் உரிஞ்ச மாதிரி ஆகுது. ஆறு மாசத்துல இது மூணாவது தடவை. முதல் ரெண்டு தடவையும் செபலெக்சின் 500 மி.கி. காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ஏழு நாள். ஆறிடும், மூணு நாலு வாரத்துல திரும்ப வந்துடும்.

இந்தத் தடவை கல்ச்சர் (சீழ்ல இருக்கிற கிருமியை லேப்ல வளர்த்து, எந்த மருந்து கேட்கும்னு பார்க்கிறது) எடுத்தாங்க. வந்த ரிசல்ட் (எஸ்னா மருந்து கேட்கும், ஆர்னா கேட்காது):

கிருமி: ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடோஇன்டர்மீடியஸ்
ஆக்சசிலின் – ஆர்
செஃபாக்சிடின் – எஸ்
அமாக்சிசிலின் க்ளாவுலனேட் – எஸ்
செபலெக்சின் – எஸ்
எரித்ரோமைசின் – ஆர்
க்ளிண்டாமைசின் – எஸ்
என்ரோஃப்ளாக்சசின் – ஆர்
கோட்ரைமாக்சசோல் – ஆர்
ஜென்டாமைசின், அமிகாசின் – எஸ்
க்ளோராம்பெனிகால், ரிஃபாம்பிசின், லினசோலிட் – எஸ்

இத்தனை ‘எஸ்’ இருக்கு. ஆனா டாக்டர் மாத்திரை எதுவும் எழுதல. குளோர்ஹெக்சிடின் ஷாம்பூ மட்டும். லினசோலிட் கொடுத்து ஒரேயடியா முடிச்சா என்ன? அப்புறம், வீட்ல சர்க்கரை நோய் உள்ள அம்மா இருக்காங்க, ரெண்டு வயசுக் குழந்தை இருக்கு, ஒரு பூனையும் இருக்கு. இது அவங்களுக்குத் தொத்துமா?

---

தட்டும்_டிஸ்க்கும் (மைக்ரோபயாலஜி லேப்):

ரிப்போர்ட்டை மேலிருந்து கீழ வரிசையா படிச்சு ‘எஸ்’ எண்ணாதீங்க. இந்தக் கிருமிக்கு முதல்ல பார்க்க வேண்டியது ஆக்சசிலின் வரி. அது ‘ஆர்’னா கிருமிகிட்ட மெக்-ஏ ஜீன் இருக்குன்னு எடுத்துக்கணும். பென்சிலின் குடும்ப மருந்துகள் எல்லாம் பாக்டீரியா தன் சுவரைக் கட்டப் பயன்படுத்துற ஒரு புரதத்துல போய் ஒட்டித்தான் வேலை செய்யும். மெக்-ஏ இருக்கிற கிருமி அந்தப் புரதத்தையே வேற வடிவத்துல செஞ்சுக்குது. மருந்து ஒட்ட இடமில்ல. அதனால அந்தக் குடும்பமே அவுட். அமாக்சிசிலின், செபலெக்சின், செஃபாட்ராக்சில், செஃப்போடாக்சிம், செஃப்ட்ரையாக்சோன் ஊசி, மெரோபெனம் வரைக்கும். லேப் தட்டுல வைக்கிற டிஸ்க்கைச் (மருந்து தோய்ச்ச காகித வட்டம்) சுத்தி, கிருமி வளராத வளையம் பெரிசா தெரிஞ்சாலும் உடம்புக்குள்ள கேட்காது. லேப் இதையெல்லாம் ‘ஆர்’னு மாத்தித்தான் ரிப்போர்ட் கொடுத்திருக்கணும். உங்க லேப் டிஸ்க்ல அளந்ததை அப்படியே டைப் பண்ணி அனுப்பிட்டாங்க.

க்ளாவுலனேட் சேர்த்தா சரியாகாதான்னு அடுத்து கேட்பாங்க. ஆகாது. க்ளாவுலனேட் தடுக்கிறது மருந்தை உடைக்கிற என்சைமை. இங்க பிரச்சினை என்சைம் இல்ல, மருந்து போய் ஒட்டுற இடமே மாறினது.

அப்ப செஃபாக்சிடின் ஏன் ‘எஸ்’? மனுஷங்ககிட்ட வர்ற ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு மெக்-ஏ இருக்கான்னு பார்க்க செஃபாக்சிடின் 30 மைக்ரோகிராம் டிஸ்க்தான் சரி. நாய்ல வர்ற சூடோஇன்டர்மீடியஸுக்கு அது கோட்டை விட்டுடும். இதுக்கு ஆக்சசிலின் 1 மைக்ரோகிராம் டிஸ்க் வைக்கணும்: வளையம் 17 மி.மீ. அல்லது அதுக்குக் கீழ ‘ஆர்’, 18-ம் அதுக்கு மேலயும் ‘எஸ்’. எம்.ஐ.சி.யில (கிருமி வளர்றதைத் தடுக்கிற குறைந்தபட்ச மருந்தளவு) பார்த்தா மி.லி.க்கு 0.5 மைக்ரோகிராம்லிருந்தே ‘ஆர்’. இந்தக் கிருமியைத் தனி இனமா வகைப்படுத்தினதே 2005-லதான். மனுஷ சாம்பிள் அதிகம் பார்க்கிற லேப்கள் ‘கோயாகுலேஸ் பாசிட்டிவ்’னு (ரெண்டு கிருமிக்கும் பொதுவான சோதனை முடிவு) வந்த உடனே ஆரியஸ்னு எழுதி, செஃபாக்சிடின் மட்டும் வச்சு, ‘சாதாரண ஸ்டெஃப்’னு அனுப்பிடுவாங்க. உங்க ரிப்போர்ட்ல கிருமி பெயரும் ஆக்சசிலினும் சரியா இருக்கிறது நல்ல விஷயம். மத்தவங்க சாம்பிள் கொடுக்கும்போதே ‘நாய்த் தோல், சூடோஇன்டர்மீடியஸ் பார்க்கணும், ஆக்சசிலின் வைங்க’ன்னு ரிக்வெஸ்ட் ஃபார்ம்ல எழுதிடுங்க.

ரெண்டாவது கண்ணி: எரித்ரோமைசின் ‘ஆர்’, க்ளிண்டாமைசின் ‘எஸ்’. இந்த ஜோடியைப் பார்த்தா அப்படியே நம்பக் கூடாது. லேப்ல டி-டெஸ்ட் கேளுங்க. எரித்ரோமைசின் 15 மைக்ரோகிராம், க்ளிண்டாமைசின் 2 மைக்ரோகிராம் டிஸ்க் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைப்பாங்க. க்ளிண்டாமைசின் வளையம் எரித்ரோமைசின் பக்கம் தட்டையாகி ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி வந்தா, அந்த எதிர்ப்புச் சக்தி உள்ளுக்குள்ள தூங்கிட்டு இருக்குன்னு அர்த்தம். மருந்து ஆரம்பிச்ச சில நாள்ல முழிச்சிடும். அப்ப க்ளிண்டாமைசினும் ‘ஆர்’தான்.

என்ரோஃப்ளாக்சசின் ‘ஆர்’னா சிப்ரோஃப்ளாக்சசின், மார்போஃப்ளாக்சசின் பக்கமும் போக வேண்டாம்.

இன்னொண்ணு, பலருக்குத் தெரியாது. ரிப்போர்ட்ல இருக்கிற எஸ், ஆர் எல்லாமே வாய் வழியாவோ ஊசியாவோ கொடுத்து ரத்தம் மூலமா தோலுக்குப் போய்ச் சேர்ற அளவை வச்சுக் கணக்குப் போட்டது. மேல பூசுற மருந்து தோல்ல அதைவிடப் பல மடங்கு செறிவா நிக்கும். குளோர்ஹெக்சிடின் இந்தப் பட்டியல்லயே வராது. மெக்-ஏவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. உங்க டாக்டர் ஏன் ஷாம்பூ எழுதினார்ங்கிறதுக்கு விடை இதுலதான் இருக்கு.

சாம்பிள் எடுக்கிறதைப் பத்தியும் சொல்லிடறேன், பாதி ரிப்போர்ட் குப்பையாகிறது அங்கதான். உடையாத கொப்புளமா தேடி, 25 ஜி ஊசி நுனியால மேல்தோலைத் தூக்கி, உள்ள இருக்கிற சீழை மட்டும் ஸ்வாப்ல (பஞ்சுக் குச்சி) தொடணும். முதல்ல ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா கிருமியே செத்துடும், ‘வளர்ச்சி இல்லை’ன்னு வரும். கொப்புளம் கிடைக்கலன்னா பொருக்கைத் தூக்கி அடியில, இல்லன்னா தோல் உரியுற வட்டத்தோட ஓரத்துல ஸ்வாப்பை உருட்டணும். ஆழமான புண்ணுக்கு மட்டும் முறை வேற: மேல்பக்கத்தைச் சுத்தம் பண்ணிக் காய விட்டு, உள்ளிருந்து பிதுங்கி வர்றதை எடுக்கணும். எடுத்த ஸ்வாப்பை வெறும் குழாய்ல காய விடாம ஏமீஸ் மீடியத்துல (கிருமியை லேப் போற வரைக்கும் உயிரோட வச்சிருக்கிற கலவை) போட்டு அனுப்புங்க.

---

மருத்துவர்_திருச்சி (கால்நடை):

மேல சொன்னது முழுக்கச் சரி. சிகிச்சைப் பக்கம் நான் சொல்றேன்.

முதல்ல ஒரு பயத்தை எடுத்துடலாம். மருந்துக்கு அடங்காத கிருமின்னா அதிக விஷமுள்ள கிருமின்னு அர்த்தம் இல்ல. சாதாரண சூடோஇன்டர்மீடியஸ் என்ன புண்ணை உண்டாக்குமோ அதேதான் இதுவும் உண்டாக்கும். நம்ம கையில இருக்கிற மாத்திரைதான் குறைவு. நீங்க சொல்ற வட்டப் புண் மேலோட்டமானது. மேல் தோலையும் முடிக்கால் வாயையும் தாண்டல. அதுக்கு மேல் பூச்சும் குளியலும் மட்டுமே போதும். ‘போனாப் போகுது’ன்னு கொடுக்கிற ரெண்டாம்தர வைத்தியம் இல்ல, 2025-ல வந்த ஐ.எஸ்.சி.ஏ.ஐ.டி. (செல்லப்பிராணித் தொற்றுநோய்களுக்கான சர்வதேசச் சங்கம்) வழிகாட்டுதலும் மேலோட்டமான தோல் சீழுக்கு இதைத்தான் முதல் சிகிச்சையா வைக்குது.

ஆனா குளிப்பாட்டுறதுலதான் பெரும்பாலும் சொதப்புறாங்க. ஷாம்பூவை பக்கெட் தண்ணியில ஊத்திக் கலக்கி மேல ஊத்துறது பெரிய தப்பு. 4% ஷாம்பூ 20 மி.லி.யை 10 லிட்டர் பக்கெட்ல கலந்தா கிடைக்கிறது 0.008%. அது வெறும் வாசனைத் தண்ணி.

சரியான முறை: முதல்ல உடம்பை நல்லா நனைங்க. எண்ணெய், அழுக்கு அதிகமா இருந்தா சாதாரண ஷாம்பூ போட்டு, நுரை துளிகூட இல்லாம அலசிடுங்க. சோப்பு, சாதாரண ஷாம்பூ நுரை மிச்சம் இருந்தா குளோர்ஹெக்சிடினைச் செயலிழக்க வச்சிடும். ரெண்டுக்கும் மின்னூட்டம் எதிரெதிர். அப்புறம் 2 முதல் 4% குளோர்ஹெக்சிடின் ஷாம்பூவை நேரா உள்ளங்கையில எடுத்து, புண் இருக்கிற இடம், அதைச் சுத்தி ஒரு சாண், முடியை விலக்கித் தோல்ல படுற மாதிரி தேயுங்க. நுரை வந்த பிறகு கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிஷம். லேப்ரடார் பத்து நிமிஷம் சும்மா நிக்காதுதான். சங்கிலியைப் பிடிச்சு மாடியில நடத்துங்க, நக்க விடாதீங்க. பிறகு நல்லா அலசி, டவலால ஒத்தி, இடுக்கெல்லாம் காய வைங்க. ஈரம் நின்னா மலசீசியாங்கிற பூஞ்சையால அரிப்பு கூடவே வரும்.

வாரம் மூணு குளியல். குளிக்காத நாள்ல புண் மேல குளோர்ஹெக்சிடின் ஸ்ப்ரே அல்லது வைப்ஸ். புண் எல்லாம் மறைஞ்ச பிறகும் ஒரு வாரம் தொடருங்க. தோல் சிவந்து வறண்டு போனா 4%-ல இருந்து 2%-க்கு இறங்கிடலாம். கண்ணுல பட்டா கருவிழி புண்ணாகும், செவிப்பறை ஓட்டையான காதுல போனா காது கேட்கிறது போயிடும். அந்த ரெண்டு இடமும் கவனம். பத்து பதினாலு நாள்ல நேர்ல காட்டுங்க, ஃபோட்டோ போதாது.

மாத்திரை எப்போ வேணும்? காய்ச்சல், ஆழமா வீங்கிச் சீழ் ரத்தம் வடியுற ஓட்டை, இல்ல ரெண்டு மூணு வாரம் ஒழுங்கா குளிப்பாட்டியும் புதுக் கொப்புளம் வந்துட்டே இருக்கு. அப்ப டி-டெஸ்ட் நெகட்டிவ்னா க்ளிண்டாமைசின். கிலோவுக்கு 5.5 முதல் 11 மி.கி., 12 மணிக்கு ஒரு தடவை. 30 கிலோவுக்கு 300 மி.கி. கேப்சூல் சரியா வரும். அது ஆகலன்னா மிச்சம் இருக்கிறது எல்லாமே கசப்பான வழிதான். க்ளோராம்பெனிகால் கிலோவுக்கு 40–50 மி.கி., எட்டு மணிக்கு ஒரு தடவை. வாந்தி, பின்னங்கால் தள்ளாட்டம் வரும். கொடுக்கிறவங்க கையுறை போடணும், கேப்சூலை உடைச்சுச் சோத்துல கலக்கக் கூடாது, ஏன்னா அரிதா மனுஷங்களுக்கு எலும்பு மஜ்ஜையே நின்னுடும். அமிகாசின் ஊசி சிறுநீரகத்தைத் தாக்கும். ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தாக்கும், தனியா கொடுத்தா சீக்கிரமே எதிர்ப்பு வந்துடும். போதாக்குறைக்கு அது காசநோய் மருந்து.

லினசோலிட் கேட்டீங்க. ‘எஸ்’ இருக்கு, நிஜம்தான். மனுஷங்களுக்கு ஐ.சி.யூ.வில கடைசியா எடுக்கிற மருந்து அது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல வான்கோமைசின் வகை, லினசோலிட் வகை, கார்பபெனம் (மெரோபெனம் வகை) எல்லாத்தையும் மனுஷங்களுக்கு மட்டும்னு ஒதுக்கிடுச்சு. குளியல்ல ஆறுற வயித்துப் புண்ணுக்கு நான் எழுத மாட்டேன், எழுதுற டாக்டர்கிட்ட காரணம் கேளுங்க.

பழைய கோர்ஸ் பத்தி: 30 கிலோவுக்கு 500 மி.கி.ன்னா கிலோவுக்கு 17 தான். செபலெக்சின் வரம்பு 15–30, அதுல அடிமட்டம். 750 கொடுத்திருந்தா 25 வந்திருக்கும். ஏழு நாள்ல யாரும் திரும்பப் பார்க்காம நிறுத்தினதும் சேர்ந்துக்கிச்சு. ஆனா அதைவிடப் பெரிய கேள்வி, ஏன் திரும்பத் திரும்ப வருது? தோல் சீழ் பெரும்பாலும் தானா வர்ற நோய் இல்ல. அடியில வேற ஒண்ணு இருக்கும். தெள்ளுப்பூச்சி, உண்ணி இருக்கான்னு பாருங்க. இல்லன்னு தோணினாலும் மாசாமாசம் தடுப்பு மருந்து கொடுங்க. டெமோடெக்ஸ் பூச்சிக்குத் தோலைக் கிள்ளிப் பிடிச்சு, பிளேடுல லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு வச்சு, ரத்தம் லேசா கசியுற வரைக்கும் சுரண்டிப் பார்க்கணும். அதெல்லாம் இல்லன்னா அலர்ஜி. லேப்ரடாருக்கு இது ரொம்ப சகஜம். புண்ணு ஆறின பிறகும் சொறியுதா, சொறிச்சல் முதல்ல வந்துச்சா கொப்புளம் முதல்ல வந்துச்சான்னு கவனிச்சுச் சொல்லுங்க. வயசான நாய்னா தைராய்டு. இதைக் கண்டுபிடிக்காம எந்த ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் நாலாவது தடவைக்குத் தயாரா இருங்க.

---

சேலம்_ராஜபாளையம்:

டாக்டர், மெடிக்கல்ல க்ளோபெட்டசால், ஜென்டாமைசின், மைகோனசோல் மூணும் கலந்த ட்யூப் கிடைக்குதே, ஜென்டாமைசின் ‘எஸ்’தானே, அதைப் பூசினா?

---

மருத்துவர்_திருச்சி:

வேண்டாம் சார். க்ளோபெட்டசால் இருக்கிறதுலயே வீரியமான ஸ்டீராய்டு. ரெண்டே நாள்ல சிவப்பு மறையும், ஆறிடுச்சுன்னு நினைப்பீங்க. அடியில கிருமி நல்லா வளரும், தோல் காகிதம் மாதிரி மெலியும். டெமோடெக்ஸ் இருந்தா உடம்பு முழுக்கப் பரவும். நாய் நக்கினா ஸ்டீராய்டு வயித்துக்குள்ள போகும். ரெண்டு மூணு புண்தான் இருக்குன்னா ஸ்டீராய்டு கலக்காத ஃபியூசிடிக் ஆசிட் பூசலாம், பூசின பிறகு பத்து நிமிஷம் நக்க விடாம. முபிரோசின் மனுஷ ஆஸ்பத்திரிகளுக்கு முக்கியமான மருந்து, அதைக் கடைசியா வைங்க.

---

வார்டு_சிஸ்டர் (தொற்றுக் கட்டுப்பாடு):

வீட்டுப் பக்கக் கேள்விக்கு. இந்தக் கிருமியோட வீடு நாய்த் தோல். மனுஷங்க தோல்ல இது சரியா ஒட்டாது. மனுஷங்களுக்கு நோயா வர்றது அரிது. வந்தா பெரும்பாலும் நாய்க்கடி, அல்லது திறந்த புண்ணை நாய் நக்கினது வழியா. எம்.ஆர்.எஸ்.ஏ.வோட (மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்) இதைக் குழப்பிக்காதீங்க. அது மனுஷக் கிருமி, வீட்டு நாய்க்கு வந்தா பெரும்பாலும் நம்மகிட்டேருந்துதான் போயிருக்கும்.

அம்மாவுக்குக் கால்ல புண் இருக்கான்னு இன்னிக்கே பாருங்க, விரல் இடுக்கு உட்பட. இருந்தா தண்ணி புகாத மாதிரி கட்டுப்போட்டு மூடணும். நாயைக் குளிப்பாட்டுற வேலையும் மருந்து பூசுற வேலையும் அவங்க செய்ய வேண்டாம். எப்பவாவது அவங்க புண் சீழ் பிடிச்சா, வீட்டு நாய்க்கு எம்.ஆர்.எஸ்.பி. (மருந்துக்கு அடங்காத சூடோஇன்டர்மீடியஸ்) இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. லேப் அதை ஆரியஸ்னு தப்பா எழுதுற வாய்ப்பு மேலயே சொல்லியிருக்காங்க. குழந்தை நாயைத் தொடலாம். முகத்தை நக்க விட வேண்டாம், விளையாடின பிறகு சோப்பு போட்டு 20 நொடி கை கழுவணும். குடும்பத்துல எல்லாருக்கும் மூக்கு ஸ்வாப் எடுக்கத் தேவையில்ல. பூனை பக்கத்துல படுத்தா பரவாயில்ல, ஆனா ஷாம்பூ ஈரம் காயறதுக்குள்ள நாயை நக்க விடாதீங்க. டெட்டால் மாதிரி ஃபீனால் வகை எதையும் பூனை நடமாடுற தரையில போடாதீங்க. பாதத்துல ஒட்டி, நக்கி உள்ள போனா பூனையோட கல்லீரலுக்கு அதை வெளியேத்தத் தெரியாது.

நாய் படுக்கை விரிப்பைச் சிகிச்சை முடியுற வரைக்கும் வாரம் ரெண்டு தடவை 60 டிகிரியில துவைச்சு வெயில்ல காய வைங்க. தரை, கிண்ணம் வைக்கிற மேடையை முதல்ல சோப்புத் தண்ணியில தேச்சு அலசிட்டு, 5% ப்ளீச்சை லிட்டருக்கு 20 மி.லி. கலந்து துடைச்சு 10 நிமிஷம் விடணும். அழுக்கு மேலயே ப்ளீச் ஊத்தினா வேலை செய்யாது. பாத்ரூம் ஆசிட்டோட கலந்தா குளோரின் வாயு வரும். குளோர்ஹெக்சிடின் பட்ட டவலை ப்ளீச்ல ஊற வைக்காதீங்க. பழுப்புக் கறை விழும், அப்புறம் எந்தச் சோப்புக்கும் போகாது.

கிளினிக் போகும்போது முன்கூட்டியே ஃபோன்ல சொல்லிட்டு, கடைசி அப்பாயிண்ட்மென்ட் கேளுங்க. வரவேற்பறையில உட்கார வைக்காம வண்டியிலயே வச்சிருந்து நேரா உள்ள கூட்டிட்டுப் போங்க. பக்கத்துல ஆபரேஷன் தையலோட ஒரு நாய் உட்கார்ந்திருந்தா, அதுக்குத்தான் ஆபத்து.

---

பூனைவீடு:

இழையை மாத்துறதுக்கு மன்னிக்கணும். மூணு வயசுப் பெண் பூனை, 4 கிலோ. சொட்டுச் சொட்டா, ரத்தம் கலந்த சிறுநீர். வருஷத்துல ரெண்டு தடவை என்ரோஃப்ளாக்சசின் ஊசி போட்டாச்சு. இங்கேயும் இதே பிரச்சினை வருமா?

---

மருத்துவர்_திருச்சி:

வரும் அம்மா, ஆனா உங்க பூனைக்குப் பாக்டீரியாவே இல்லாம இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இளம் பூனைகளுக்கு இந்த அறிகுறி பெரும்பாலும் மன அழுத்தத்தால வர்ற சிறுநீர்ப்பை அழற்சி. சில நாள்ல தானா அடங்கும், ஊசி போட்டதால அடங்கின மாதிரி தெரியும். அடுத்த தடவை ஊசிக்கு முன்னாடி, வயித்து வழியா ஊசி விட்டு நேரா பையிலிருந்து எடுத்த சிறுநீரை கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்க. மண் தட்டுல இருந்து எடுத்தா எல்லாக் கிருமியும் வளரும். உடனே லேப் போக முடியலன்னா ஃப்ரிட்ஜ்ல வச்சு அன்னிக்கே அனுப்பணும். கிருமி இல்லன்னா வலி மருந்து, தண்ணி அதிகம் குடிக்க வைக்கிறது, கூடுதலா ஒரு மண் தட்டு. கிருமி வளர்ந்து, ஆனா பூனைக்கு எந்தத் தொந்தரவும் இல்லன்னா, ஈ.எஸ்.பி.எல். ஈகோலையாவே (பல ஆன்டிபயாடிக்கை உடைக்கிற என்சைம் உள்ள குடல் கிருமி) இருந்தாலும் மருந்து தேவையில்ல. உண்மையான தொற்றுன்னா 3 முதல் 5 நாள் போதும், பழைய பதினாலு நாள் கணக்கெல்லாம் இப்ப இல்ல.

என்ரோஃப்ளாக்சசின் பூனைக்கு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 5 மி.கி. தாண்டினா விழித்திரை போய்க் கண் தெரியாம ஆகலாம். உங்க 4 கிலோவுக்கு 20 மி.கி.தான் உச்சம். டாக்சிசைக்ளின் மாத்திரை எப்பவாவது எழுதினா, கொடுத்த உடனே 5, 6 மி.லி. தண்ணியை சிரிஞ்ச்ல குடிக்க வைங்க. உலர்ந்த மாத்திரை உணவுக்குழாயில நின்னு புண்ணாக்கிச் சுருக்கிடும். ஆண் பூனை இதே மாதிரி முக்கி, ஒரு சொட்டும் வரலன்னா கல்ச்சர், ரிப்போர்ட் எதுக்கும் காத்திருக்காதீங்க. அடைப்பு, அன்னிக்கே ஆஸ்பத்திரி.

சமைக்காத கோழி கொடுக்கிறீங்கன்னா நிறுத்திடுங்க. ஈ.எஸ்.பி.எல். ஈகோலையும் சால்மொனெல்லாவும் வீட்டுக்குள்ள வர்ற பிரதான வழி அது. உறைய வச்சா சாகாது, வேக வச்சாத்தான் சாகும்.

---

கோவை_லேப்காரர்:

எல்லாருக்கும் நன்றி. லேப்ல டி-டெஸ்ட் கேட்டிருக்கேன். ஷாம்பூவை இத்தனை நாளும் பக்கெட்லதான் கலந்தோம். புண் ஆறின பிறகு கிருமி முழுசா போயிடுச்சான்னு பார்க்க இன்னொரு கல்ச்சர் எடுக்கணுமா?

---

தட்டும்_டிஸ்க்கும்:

எடுக்காதீங்க. மூக்குலயும் ஆசனவாய் ஓரத்துலயும் பல மாசம் இது ஒட்டிட்டு இருக்கும், பாசிட்டிவ்னுதான் வரும். அதுக்காக மருந்து கொடுக்கிற பழக்கமும் கிடையாது. அந்த ரிப்போர்ட்டை வச்சு எதையும் செய்ய முடியாது. புதுக் கொப்புளம் வந்தா மட்டும் முதல்ல கண்ணாடி ஸ்லைடுல ஒத்தி மைக்ராஸ்கோப்ல பாருங்க, உருண்டைக் கிருமி செல்லுக்குள்ள தெரிஞ்சா அப்ப கல்ச்சர். இந்த ரிப்போர்ட்டோட ஒரு காப்பியை நாயோட ஃபைல்ல முதல் பக்கமா வச்சிடுங்க. நாளைக்குக் கருத்தடையோ மூட்டு ஆபரேஷனோ வந்தா, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி போடுற ஊசி வழக்கமா செஃபாசொலின். அந்த ஊசியும் இந்தக் கிருமிக்குக் கேட்காதுன்னு அறுவை டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கணும்.